மூன்றாவது தடவையாக அதே கேமை வாங்கிவிட்டேன். நீங்களெல்லாம் எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

பாதிசேவ் எழுதியது:

வணக்கம் மக்களே.

போன வாரம் ஒருவர் தன்னுடைய பழைய பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) சாமான்களைக் கழிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டதும் முதலில் வந்தது மெட்டல் கியர் சாலிட் 3. ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த கேம். அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அலமாரியில் செருகப் போனால், அதே இடத்தில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை இழுத்தால் பின்வரிசையில் இன்னொன்று.

ஆக மூன்று. பின்வரிசைப் பெட்டியைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது: அது ஓடவே இல்லை, கீறல் விழுந்த டிஸ்க் என்று ஒதுக்கி வைத்தது. முன்வரிசைப் பெட்டியாவது நல்லதா என்று திறந்தேன். உள்ளே ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6 என்ற கால்பந்து கேமின் டிஸ்க் சிரிக்கிறது.

என்னிடம் மொத்தம் 340, 350 கேம் இருக்கும். பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்4, கேம்பாய் அட்வான்ஸ், டிஎஸ், ஸ்விட்ச். இதெல்லாம் கையில் பிடிக்கக்கூடியவை. ஸ்டீம், ஜிஓஜி, எபிக் என்ற ஆன்லைன் கேம் கடைகள் பக்கம் எத்தனை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

முயற்சி செய்யாமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஷீட் தொடங்கினேன். 23 கட்டங்கள். பெயர், தயாரித்தவர், வெளியிட்டவர், வெளியான தேதி, வகை, கவரின் நிலை பத்துக்கு எத்தனை, கையேட்டில் எத்தனை பக்கம், வாங்கிய அன்று என் மனநிலை (இதை ஏன் போட்டேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை). 61-ஆவது கேமோடு நின்றுபோனது. அப்புறம் பார்கோடை ஸ்கேன் செய்தால் விவரம் முழுக்கத் தானாக வந்து விழும் ஓர் ஆப்பைப் பிடித்தேன். சுகமாக இருந்தது. ஒருநாள் அப்டேட் முடிந்து திறந்தால் பட்டியல் காலி. நானும் பேக்கப் எடுத்து வைக்கவில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. ஆசைப்பட்டு கேம் பெயர்களைத் தமிழில் எழுதினேன். ஓரிடத்தில் ஃபைனல் ஃபேன்டசி, ஓரிடத்தில் பைனல் பேண்டஸி, தூக்கக் கலக்கத்தில் எழுதிய ஓரிடத்தில் பைனல் ஃபான்டஸி. தேடினால் மூன்றில் ஒன்றுதான் அகப்படும்.

கேள்வி இதுதான். எதையெல்லாம் எழுதி வைக்கிறீர்கள், எதை விட்டுவிடுகிறீர்கள்? அலமாரியை எப்படி அடுக்குகிறீர்கள்? முக்கியமாக, இரண்டு மாதம் கழித்தும் இந்தப் பழக்கம் எப்படி உங்களிடம் நிற்கிறது?


கடைசிலெவல் எழுதியது:

மூன்றில் ஒன்றை எனக்கு அனுப்பிவிடுங்கள், கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

விளையாட்டுக்குச் சொன்னேன். 23 கட்டம் என்றால் நானெல்லாம் ஐந்தாவது கேமிலேயே தூங்கியிருப்பேன். என்னிடம் இருப்பது போனில் ஒரு குறிப்பு. கேம் பெயர், கன்சோல், அவ்வளவுதான். வாங்கப் போய் நிற்கும்போது 'இது நம்மிடம் இருக்கா இல்லையா' என்ற ஒரே கேள்விக்குப் பதில் வந்தால் போதும். பக்கம் பக்கமாக எழுதி வைத்தும் அந்த நேரத்தில் கையில் இல்லாவிட்டால் என்ன பிரயோசனம்?


அடுக்குக்காரி எழுதியது:

பாதிசேவ், ஷீட் எல்லாம் அப்புறம். முதலில் எழுந்து போய் சாக்கர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருக்கும்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நானும் இதே வேலையைச் செய்தவள்தான். கன்சோலில் சாக்கர் டிஸ்க் இருக்கிறது. நமக்கு மெட்டல் கியர் ஆட வேண்டும். அதன் பெட்டியைத் திறந்து டிஸ்க்கை எடுக்கிறோம், சாக்கரை வெளியே தள்ளுகிறோம், புதியதைப் போடுகிறோம். இப்போது ஒரு கையில் சாக்கர் டிஸ்க், மறு கையில் திறந்து கிடக்கும் மெட்டல் கியர் பெட்டி. சாக்கர் பெட்டி எழுந்து போய் எடுக்கும் தூரத்தில் இருக்கிறது. எங்கே வைப்போம்? அடுத்த முறை மெட்டல் கியரும் இதே மாதிரி வேறொரு பெட்டிக்குள் போகும். இப்படி ஒன்றின் வீட்டில் இன்னொன்று குடியேறி, கடைசி டிஸ்க் கன்சோலுக்குள் உட்கார்ந்திருக்கும். ஆகையால் எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் திறந்து பார்த்துவிடுங்கள். திறக்காமல் எழுதினால் அது பெட்டிகளின் பட்டியல்தான், கேம்களின் பட்டியல் ஆகாது.

அடுத்து, ஓடாத அந்த டிஸ்க். உண்மையில் கீறல்தானா? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் டிஸ்க்கின் மேல்பக்கம் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் படியுங்கள். எஸ்எல்ஈஎஸ் என்று தொடங்கினால் ஐரோப்பியப் பதிப்பு, எஸ்எல்யூஎஸ் என்றால் அமெரிக்கப் பதிப்பு, எஸ்எல்பிஎஸ் அல்லது எஸ்எல்பிஎம் என்றால் ஜப்பான். பிஎஸ்2 தன் பிராந்தியத்து டிஸ்க்கைத்தான் ஏற்கும். மற்றதைப் போட்டால் சிவப்புத் திரை வந்து 'பிளேஸ்டேஷன் டிஸ்க் போடு' என்று நம்மையே திட்டும். படிக்க முடியாத டிஸ்க்குக்கும் அதே திரைதான் வரும் என்பதால், நல்ல டிஸ்க்குகள் பல கீறல் என்ற பழியைச் சுமந்துகொண்டு கிடக்கின்றன.

இந்தக் குறியீட்டைத்தான் நான் என் பட்டியலின் முதுகெலும்பாக வைத்திருக்கிறேன். பெயர் ஏமாற்றும். ஸ்னேக் ஈட்டர் என்று ஒன்று, சப்சிஸ்டன்ஸ் என்று கூடுதல் டிஸ்க்கோடு பின்னால் வந்தது ஒன்று. இரண்டையும் 'மெட்டல் கியர் 3' என்றே எழுதி வைத்தால் உங்கள் பாடுதான். பிஎஸ்3-க்கு பிஎல்ஈஎஸ், பிஎல்யூஎஸ், பிஎஸ்4-க்கு சியூஎஸ்ஏ என்று வரும்.

என் ஷீட்டில் ஆறே கட்டங்கள். வரிசை எண், பெயர், கன்சோல், குறியீடு, என்ன குறைகிறது, எங்கே இருக்கிறது. வரிசை எண் நூலகத்தில் புத்தகம் உள்ளே வந்ததும் போடும் எண் மாதிரி. முதலில் வந்தது 1, அடுத்தது 2. ஒரு கேமை யாருக்காவது கொடுத்துவிட்டாலும் அந்த எண்ணை வேறு எதற்கும் தருவதில்லை. எண்ணைச் சின்னச் சீட்டில் எழுதி, பெட்டிக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையின் மேல் ஒட்டுகிறேன். கவர் தாளிலோ டிஸ்க்கிலோ ஒருநாளும் ஒட்டாதீர்கள்.

'என்ன குறைகிறது' என்பதில் கையேடு இல்லை, கவர் நகல், டிஸ்க் 2 இல்லை என்று எழுதுவேன். ஒன்றும் குறையாவிட்டால் கட்டம் வெறுமையாக இருக்கும். 'நிலை பத்துக்கு ஏழு' என்று எழுதியதெல்லாம் ஆறு மாதம் கழித்துப் படித்தால் எனக்கே விளங்கியதில்லை. பல டிஸ்க் கேம்களில் இது ரொம்பத் தேவை. பிஎஸ்1-இல் ஃபைனல் ஃபேன்டசி 7-க்கு மூன்று டிஸ்க், 8-க்கும் 9-க்கும் நான்கு நான்கு. நாற்பது மணிநேரம் ஆடிய பிறகா நான்காவது டிஸ்க் இல்லை என்று தெரிய வேண்டும்? பெட்டியையும் இளக்காரமாக நினைக்காதீர்கள். முதல் மெட்டல் கியர் சாலிடில் ஒரு ரேடியோ எண்ணை 'டிஸ்க் பெட்டியின் பின்பக்கம் பார்' என்று கேமே சொல்லும். பெட்டி இல்லாமல் வாங்கியவர்கள் அந்த இடத்தில் முழித்த கதை நிறைய.

'எங்கே இருக்கிறது' என்பதில் அலமாரி, தட்டு, முன்வரிசையா பின்வரிசையா. இரவல் போயிருந்தால் யாரிடம், எந்தத் தேதி. உங்கள் 23-இல் இந்தக் கட்டம் இல்லை போலிருக்கிறதே. இருந்திருந்தால் பின்வரிசையில் ஒன்று இருப்பது தெரிந்திருக்கும்.

பார்கோடு பற்றி ஒரு வார்த்தை. அதை ஷீட்டில் எழுதுவதாக இருந்தால், எழுதும் முன்பே அந்தக் கட்டத்தை 'உரை' என்று மாற்றுங்கள். நின்டெண்டோ கேம்களின் பார்கோடு 045496 என்று தொடங்கும். எண்ணாக விட்டால் ஷீட் முன்னால் இருக்கும் சுழியத்தை விழுங்கிவிடும். சோனியின் பார்கோடு 711719 என்று தொடங்கும் 12 இலக்கம்; எக்செல் அதை 7.11719E+11 என்று சுருக்கிக் காட்டும். இருநூறு கேம் ஏற்றிய பிறகு இதைக் கவனித்தவள் சொல்கிறேன்.

பெயரை பெட்டியின் முதுகில் எப்படி இருக்கிறதோ அந்த எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் மேல் எனக்கும் பிரியம்தான். ஆனால் பட்டியலில் தேட முடியாத தமிழ் நமக்கே உதவாது. ரோமன் எண்களை மட்டும் சாதாரண எண்ணாக்கி 07, 08, 10 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அகரவரிசையில் IX (9) போய் V (5)-க்கு முன்னால் நிற்கும்.

அலமாரிக்கு வருவோம். சாதாரண டிவிடி பெட்டி ஏறத்தாழ 14 மி.மீ. தடிமன். ஒரு மீட்டர் தட்டில் எழுபது பிடிக்கும். ஐம்பத்தைந்தோடு நிறுத்துங்கள். இடம் விடாமல் அடுக்கினால் புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் மொத்த அலமாரியையும் நகர்த்த வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுத்தான் 'இப்போதைக்கு' என்று பின்வரிசை உருவாகிறது. வெயில் படும் சுவர் வேண்டாம். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். என் அலமாரியில் ஒரு பக்கத்துக் கவர்களெல்லாம் நீலம் பாய்ந்து நிற்கின்றன.


வெறும்லைசென்ஸ் எழுதியது:

அக்கா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மறுப்பு. டிஜிட்டல் கேம்களையும் ஷீட்டில் கையால் ஏற்றச் சொல்லிவிடாதீர்கள். அது ஆகாத வேலை. விண்டோஸ் வைத்திருப்பவர் என்றால் பிளேநைட் என்ற மென்பொருளைப் போடுங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஸ்டீம், ஜிஓஜி, எபிக் கணக்குகளை இணைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். டிஸ்க்குகளையும் அதிலேயே கையால் சேர்க்கலாம். அதிலிருந்து பேக்கப் எடுத்து வேறு டிரைவில் போட்டு வையுங்கள், உங்களுக்கு இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை.

நான் முதல் தடவை இணைத்தபோது 900-க்கு மேல் வந்து விழுந்தது. பாதி எபிக்கில் வாராவாரம் சும்மா கிடைத்தவை. நான் வாங்கியதும் இல்லை, ஆடியதும் இல்லை. அவற்றை மறைத்த பிறகுதான் பட்டியலைப் பார்க்கவே மனம் வந்தது. ஒரே கேம் ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. பாதிசேவ், உங்கள் வியாதி டிஸ்க்கோடு நிற்கவில்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.

டிஜிட்டலுக்கு நான் ஒரு தனிக் கட்டம் வைத்திருக்கிறேன்: 'கடை மூடினால் என்ன ஆகும்'. நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களுக்கான ஆன்லைன் கடையில் புதிதாக வாங்குவது 2023 மார்ச் 27-ஓடு முடிந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-ஓடு. ஏற்கெனவே வாங்கியதைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள், சரி. ஆனால் எதையெல்லாம் வாங்கினோம் என்றே தெரியாதவன் எதை இறக்குவான்? ஜிஓஜியில் வாங்கியவற்றுக்கு இன்ஸ்டாலரை இறக்கி நாமே வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தவற்றுக்கு 'கையில்' என்று குறிக்கிறேன். மற்றவை 'கணக்கில்'.

ஸ்விட்ச் பெட்டிகளையும் நம்பி 'இருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். சிலவற்றில் டவுன்லோடு குறியீடு அச்சிட்ட தாள் மட்டும்தான். ஸ்விட்ச் 2-இல் கேம்-கீ கார்டு என்று வந்திருக்கிறது. கார்டைச் செருகினால் கேம் இணையத்திலிருந்து இறங்கும், அதற்குப் பிறகும் ஆட வேண்டுமென்றால் கார்டு செருகியபடியே இருக்க வேண்டும். பெட்டியும் உண்டு, கார்டும் உண்டு, கேம் மட்டும் உள்ளே இல்லை. அதைக் 'கையில்' பக்கம் சேர்ப்பதா 'கணக்கில்' பக்கம் சேர்ப்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.


பட்டன்செல் எழுதியது:

கேம்பாய் அட்வான்ஸ் இருக்கிறது என்றீர்கள். அதற்கு முந்தைய கேம்பாய் கார்ட்ரிட்ஜ் ஏதாவது கலந்திருந்தால் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: பேட்டரி மாற்றிய தேதி. போகிமான் கோல்டு, சில்வர் மாதிரி கேம்களில் சேவ் நிற்பதே உள்ளே பற்றவைத்த பட்டன் செல்லால்தான். அதே செல்தான் உள்ளே கடிகாரத்தையும் ஓட்டுகிறது என்பதால் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் சேவும் போகும். மாற்றுவதற்காகக் கழற்றினாலும் போகும், முன்கூட்டியே நகல் எடுக்க வேண்டும்.

அட்வான்ஸுக்கு வந்த போகிமான் ரூபி, சஃபையர், எமரால்டு அப்படி இல்லை. 'உள்ளே பேட்டரி தீர்ந்தது' என்று செய்தி வந்தால் பதறாதீர்கள். கடிகாரம் மட்டும்தான் நிற்கும், சேவ் பத்திரமாக இருக்கும். அந்தச் செய்தியைப் பார்த்து 'பழுது' என்று எழுதி ஓரம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கழற்றும் ஆசை வந்தால் பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜுக்கு 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனி ஸ்குரூ டிரைவர், அட்வான்ஸுக்கு மூன்று இறக்கை ஸ்குரூ டிரைவர். வேறு எதைக் கொண்டும் நெம்ப வேண்டாம்.


பாதிசேவ் எழுதியது:

அக்கா, நீங்கள் என் அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா?

சாக்கர் பெட்டி காலி. மெட்டல் கியர் டிஸ்க் கிரான் டுரிஸ்மோ 4 பெட்டிக்குள். கிரான் டுரிஸ்மோ ஒகாமி பெட்டிக்குள். ஒகாமியை எங்கும் காணவில்லை. கன்சோலை மின்சாரத்தில் சொருகித் திறந்தேன். தட்டு வெளியே வந்தது, மேலே ஒகாமி. கடைசியாக எதை எந்த வரிசையில் ஆடினேன் என்பதை இதற்கு மேல் ஒரு பட்டியலில் எழுத முடியாது.

ஓடாத டிஸ்க்கில் கீறலே இல்லை. எஸ்எல்யூஎஸ். என் கன்சோல் ஐரோப்பியப் பதிப்பு. அந்த டிஸ்க்கைப் பற்பசை போட்டெல்லாம் தேய்த்திருக்கிறேன், மன்னிப்புக் கேட்டு எடுத்து வைத்தேன்.

இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். 347. காலிப் பெட்டி நான்கு, பெட்டி இல்லாத டிஸ்க் ஒன்பது. ஆறு கட்ட ஷீட் ஓடிக்கொண்டிருக்கிறது, 120 வரை ஏற்றிவிட்டேன். போனிலும் திறக்கிறது, கடைசிலெவல் சொன்னபடி வாங்கப் போகும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். வெறும்லைசென்ஸ், பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள், விவரம் கேட்காதீர்கள். கடைசிலெவல், உங்கள் கன்சோலும் ஐரோப்பியப் பதிப்பு என்றால் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஒரு மெட்டல் கியர் உண்மையிலேயே உபரியாக இருக்கிறது.

ஒரு சந்தேகம் பாக்கி. பிஎஸ்1 பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மெமரி கார்டு கிடைத்தது. என் தம்பியின் கையெழுத்தில் 'தொடாதே' என்று ஒட்டியிருக்கிறது. செருகிப் பார்த்தேன், சேவ் வைக்கும் பதினைந்து பிளாக்கும் நிரம்பியிருக்கிறது, அதில் பதினொன்று ஃபைனல் ஃபேன்டசி 7. இதைக் கேம் என்று ஏற்றுவதா, சாமான் என்று விடுவதா?


அடுக்குக்காரி எழுதியது:

தனி எண் போட்டு ஏற்றுங்கள். குறியீடு இருக்காது, அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். அழிக்கும் முன் நகல் எடுங்கள். நகல் எடுத்த பிறகும் அழிக்காதீர்கள், தம்பியைக் கேளுங்கள்.


பாதிசேவ் எழுதியது:

எண் 348. கேட்டேன். 'எந்த மெமரி கார்டு?' என்கிறான்.